விழித்திருக்கும்போதே மூளைக் கட்டி அறுவை: வசதி குறைந்த மருத்துவமனைகளில் இது எப்படி நடக்கிறது? கேள்வி பதில்கள்

மூளையில் கட்டி இருக்கிறது என்று ஸ்கேன் சொன்ன நாளிலேயே குடும்பம் பாதி உடைந்துபோகிறது. அதற்கு மேல், "ஆபரேஷன் நடக்கும்போது உங்கள் கணவர் விழித்துத்தான் இருப்பார், எங்களோடு பேசிக்கொண்டிருப்பார்" என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? "மயக்க ஊசி போடக்கூட வசதியில்லாத ஆஸ்பத்திரியா இது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். நான் மயக்க மருத்துவர். இந்த அறுவையில் நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது என் வேலை. அந்த அம்மாவுக்கு அன்று அவசரத்தில் நான் சொன்ன பதில் போதாது. அவர் கேட்டதையும், அவரைப் போலப் பலர் கேட்டதையும் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

விழித்திருக்கும்போதே மூளையில் அறுவையா? எதற்காக?

பேச்சையும் கைகால் அசைவையும் காப்பாற்றுவதற்காக.

வயிற்றில் கட்டி இருந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். மூளையில் அப்படி முடியாது. குறிப்பாக கிளையோமா என்ற வகைக் கட்டி, நல்ல மூளைக்குள் வேர்விட்டது போலப் பரவி நிற்கும். எது கட்டி, எது மூளை என்று கண்ணால் பிரிப்பது பல இடங்களில் கடினம். அந்தக் கட்டி இடது பக்கத்தில் பேச்சுக்கான பகுதியிலோ, கைகாலை அசைக்கும் பகுதியின் ஓரத்திலோ உட்கார்ந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. அதிகம் எடுத்தால் ஆள் பேச முடியாமல் போகலாம். பயந்து குறைவாக எடுத்தால் கட்டி சீக்கிரம் வளர்ந்து வரும்.

பேச்சுப் பகுதி எங்கே என்று பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறதே என்று கேட்கலாம். பிரான்சில் ப்ரோகா என்ற மருத்துவர் 1861-லேயே இடது முன்மூளையின் கீழ்ப்பகுதியைப் பேச்சோடு சேர்த்துக் காட்டிவிட்டார். ஆனால் அந்த இடம் ஆளுக்கு ஆள் நகர்கிறது. கட்டி பல வருடங்களாக மெல்ல வளர்ந்திருந்தால், மூளை தன் வேலையைப் பக்கத்து இடத்துக்கு மாற்றிக்கொண்டும் இருக்கும். அதனால் இந்த மனிதருக்கு, இன்றைக்கு, பேச்சு எங்கே இருக்கிறது என்று அவரையே பேசவைத்துப் பார்ப்பதுதான் மிக நம்பகமான வழி. தூங்குகிறவரைப் பேசவைக்க முடியாதே.

வலிக்காதா?

மூளைக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்பு முனைகள் மூளைத் திசுவில் இல்லை. வலிப்பது தலைத்தோல், அதன் கீழுள்ள தசை, எலும்பின் மேலுறை, மூளையை மூடியிருக்கும் டியூரா என்ற தடித்த உறை ஆகியவைதான். இவற்றை மரத்துப்போகச் செய்துவிட்டால் போதும்.

தலைத்தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகள் பக்கத்துக்கு ஆறு. புருவத்துக்கு மேலே, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டில், காதுக்கு முன்னே, பின்மண்டையில் என்று அவை வெளியே வரும் இடங்கள் எங்களுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொன்றாக மரப்பு ஊசி போடுகிறோம். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே குடும்பத்து மருந்துதான். ஆனால் பியூபிவகேன் போல நீண்ட நேரம் தாங்கும் வகை. நன்றாகப் போட்டால் பல மணி நேரம் நிற்கும். ஊசி குத்தும் அந்தச் சில நிமிடங்கள் சுருக்கென்று இருக்கும். அதற்கு முன்பே லேசாகத் தூக்கம் வரும் மருந்து கொடுத்துவிடுவோம்.

டியூரா உறையை, முக்கியமாக மண்டையின் அடிப்பகுதிக்கு அருகே, இழுக்கும்போது சிலருக்கு வலி தெரியும். ரத்தக் குழாயை இழுத்தாலும் அப்படித்தான். "டாக்டர், கண்ணுக்குப் பின்னாடி இழுக்குது" என்பார்கள். உடனே அறுவை மருத்துவர் அங்கே இன்னொரு துளி மரப்பு மருந்து வைப்பார்.

உண்மையைச் சொன்னால், நோயாளிகள் அதிகம் முறையிடுவது தலையைப் பற்றி அல்ல. ஒரே பக்கமாகப் படுத்து இடுப்பு வலிக்கிறது, வாய் வறண்டுபோகிறது, குளிர்கிறது என்பதையெல்லாம்தான். தொடைக்கு நடுவே ஒரு தலையணை, நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவது, ஒரு போர்வை. இவற்றை மறந்த அறுவை பாதியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தொடக்கம் முதல் கடைசி வரை விழித்தே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பல இடங்களில் மண்டை ஓட்டைத் திறக்கும் வரை தூங்கவைத்து, நடுவில் எழுப்பி, மூடும்போது மறுபடி தூங்கவைப்பார்கள். வேறு சில இடங்களில் முழு நேரமும் அரைத்தூக்கம்தான். கூப்பிட்டால் கண் திறப்பார். வசதி குறைந்த இடங்களுக்கு நான் இரண்டாவதையே விரும்புகிறேன். மூச்சுக்குழாயில் எதையும் செருகி எடுக்கும் சங்கடம் இல்லை. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து இதற்குப் பெரிய உதவி. மூச்சை அதிகம் அடக்காமல் அமைதி தரும். எழுப்பினால் தெளிவாகப் பேசுவார்கள். இந்தியாவில் பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன.

உண்மையாகவே தெளிந்து வேலை செய்ய வேண்டிய நேரம் பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் யாருக்கும் களைப்பு வந்துவிடும்.

அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்?

அறுவை மருத்துவர் ஒரு சிறிய மின்கோலை மூளையின் மேற்பரப்பில் வைப்பார். சில மில்லி ஆம்பியர் மட்டுமே மின்சாரம், ஒவ்வொரு முறையும் நான்கு நொடிக்கு மேல் போகாது. அந்த நொடிகளில் அந்த இடம் வேலை செய்யாமல் நிற்கும். எடுத்தவுடன் பழையபடி ஆகும். அதாவது, இந்த இடத்தை வெட்டினால் என்ன ஆகும் என்பதை வெட்டாமலே பார்த்துக்கொள்கிறோம்.

நான் படம் காட்டுவேன். நோயாளி "இது ஒரு குடம்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "இது ஒரு..." என்று வந்து குடம் என்ற சொல் மட்டும் கிடைக்காமல் தவித்தால், அது சொல்லைத் தேடி எடுக்கும் இடம். வாயே அசையாமல் நின்றால் பேச்சை வெளியே தள்ளும் இடம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் முழு வாக்கியம் கேட்கிறோம். நான் "நின்னுடுச்சு" என்று சொன்னவுடன் அறுவை மருத்துவர் அந்த இடத்தில் எண் எழுதிய சின்னக் காகிதத் துண்டை வைப்பார். இப்படி ஒரு வரைபடம் கிடைத்த பிறகு, அந்த எண்களிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்று கட்டியை எடுப்பது வழக்கம். எடுக்கும் நேரம் முழுவதும் பேச்சும் கையசைவும் தொடர்கின்றன.

இது புது முறையா? வெளிநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் உரியதா?

இரண்டுமே இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பயம் விலக வரலாறும் உதவும்.

கனடாவில் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை 1934-ல் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளுக்கு மரப்பு ஊசி மட்டும் போட்டு, அவர்களோடு பேசியபடியே மூளையில் அறுவை செய்தார். மூளையில் எந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறது என்று அவரும் எட்வின் போல்ட்ரேயும் 1937-ல் வெளியிட்ட வரைபடம் அந்த நோயாளிகள் சொன்னதை வைத்து வரைந்ததுதான். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது, மனிதருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971-ல். எம்.ஆர்.ஐ. இல்லை. மூளை அறுவை அரங்கில் நுண்ணோக்கி இல்லை. இன்று ஒரு மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரியில் இருக்கும் பல கருவிகள் பென்ஃபீல்டிடம் இல்லை. இந்த முறை பிறந்ததே கருவிகள் குறைந்த காலத்தில்தான்.

அந்தப் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று வந்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை. அடுத்த வருடமே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவையைத் தொடங்கினார். மான்ட்ரியலிலிருந்து வேலூருக்கு நேராக ஒரு கோடு இருக்கிறது. "இதெல்லாம் நம்ம ஊருக்கு வருமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு கனடாவின் டொரொன்டோ நகரத்து நரம்பு அறுவை மருத்துவர் மார்க் பெர்ன்ஸ்டீன் போன்றவர்கள், பேச்சுப் பகுதிக் கட்டிக்கு மட்டுமல்ல, மூளைக்குள் வளரும் மேல்மூளைக் கட்டிகள் பலவற்றுக்கும் விழித்த அறுவையை வழக்கமான முறையாக்கிப் பார்த்தார்கள். 200 நோயாளிகளின் அனுபவத்தை 1999-ல் வெளியிட்டார்கள். அதே பெர்ன்ஸ்டீனும் கூட்டாளிகளும் இந்தோனேசியா, கானா, நைஜீரியா, சீனா ஆகிய நாடுகளில் உள்ளூர் மருத்துவர்களோடு நின்று இதைக் கற்றுக்கொடுத்தார்கள். வந்து செய்துவிட்டுப் போய்விடாமல், அங்கிருப்பவர்களே தொடர்ந்து செய்யும்படி கற்றுக்கொடுப்பதே நோக்கமாக இருந்தது. உதவி என்றால் அதுதான் உதவி.

அப்படியானால் மயக்கம் கொடுக்க வசதி இல்லாத இடங்களுக்கு ஏற்ற மலிவான முறையா இது?

இல்லை. இந்த எண்ணம் மருத்துவர்களிடமும் சில நேரம் இருக்கிறது, அது ஆபத்தானது.

பாதுகாப்பான அறுவையும் மயக்க மருத்துவமும் எட்டாத நிலையில் உலகில் 500 கோடிப் பேர் இருப்பதாக 2015-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் சொன்னது. அப்படிப்பட்ட இடங்களில் விழித்த அறுவைக்கு உண்மையான நன்மைகள் உண்டு. பொதுவாக வென்டிலேட்டர் பிடிக்க வேண்டியதில்லை. ஐ.சி.யூ. படுக்கைக்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டிய நிலை குறையும். விலை உயர்ந்த மயக்க மருந்துகள் குறைவாகவே செலவாகும். அறுவை முடிந்த அடுத்த நிமிடமே நோயாளி பேசுவதால், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று கண்டுபிடிக்கவும் எளிது. நிறையப் பேர் சாப்பிட்டு, எழுந்து நடந்து, சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆனால் நடுவில் ஏதாவது தவறினால் சில நொடிகளில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கும். தலையை அசையாமல் பிடிக்கும் சட்டத்தின் ஊசிமுனைகளில் மாட்டிய நிலையில், ஆள் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும்போது, மூச்சுக்குழாய் போடுவது எங்கள் தொழிலிலேயே சிரமமான வேலைகளில் ஒன்று. முழு மயக்கம் கொடுக்கத் தெரியாத இடத்தில் விழித்த அறுவையைத் தொடவே கூடாது. முழு மயக்கத்தில் நன்றாகச் செய்யும் குழு அதற்கு மேலே கற்றுக்கொள்ள வேண்டிய படி இது.

குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆள் முதலில். தலை நரம்புகளுக்கு மரப்பு ஊசி போட்டுப் பழகிய மயக்க மருத்துவர், மூளை அறுவையில் கைதேர்ந்த மருத்துவர், நோயாளியின் மொழியில் பேசி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர். மூன்றாவது ஆள் பேச்சுப் பயிற்சியாளராக இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் பயிற்சி கொடுத்த ஒரு நர்ஸ் அருமையாகச் செய்வார்.

பிறகு, தடையில்லாத ஆக்சிஜனும் மின்சாரமும், உறிஞ்சும் கருவி, ரத்த ஆக்சிஜனையும் மூச்சுக் காற்றையும் காட்டும் மானிட்டர், அவசரத்தில் மூச்சுவழி கொடுக்கத் தொண்டையில் வைக்கும் லாரிஞ்சியல் மாஸ்க் கைக்கெட்டும் தூரத்தில், ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பாட்டில்களில். அந்தக் குளிர்ந்த பாட்டில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். மின்கோல் தரும் கருவி, அறுவைக்கு முன் நல்ல எம்.ஆர்.ஐ. ஒன்று, அவசரத்துக்கு ஒரு சி.டி. வசதி, ரத்த வங்கி.

வழிகாட்டும் கணினி, அறுவை அரங்கிலேயே எம்.ஆர்.ஐ. போன்றவை இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்று அறுவையை நிறுத்த வேண்டியதில்லை. மண்டை ஓட்டைத் திறந்த பிறகு அல்ட்ராசவுண்ட் வைத்தே கட்டி எங்கே, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே வகைத் தொழில்நுட்பம். கட்டியை ஒளிரவைக்க மேலைநாடுகளில் குடிக்கக் கொடுக்கும் 5-ஏ.எல்.ஏ. மருந்து மிகவும் விலை கூடியது. கண் மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தை நரம்பில் ஏற்றி, அதற்கான வடிகட்டி உள்ள நுண்ணோக்கியில் பார்த்தால், வீரியமான கட்டிகளில் அதுவும் கைகொடுக்கிறது.

மின்கோல் கருவியே இல்லாவிட்டால்?

சில இடங்களில் அப்படியும் செய்கிறார்கள். நோயாளி பேசிக்கொண்டும் கையை மடக்கி நீட்டிக்கொண்டும் இருக்க, மெல்ல மெல்லக் கட்டியை எடுப்பார்கள். பேச்சு தடுமாறினால் நிறுத்திவிடுவார்கள். ஒன்றும் இல்லாததற்கு இது மேல். ஆனால் மின்கோல் வெட்டுவதற்கு முன்பே எச்சரிக்கும். வெறும் பேச்சு, பாதிப்பு தொடங்கிய பிறகுதான் எச்சரிக்கும். ஒரு ஆஸ்பத்திரி இந்த அறுவைக்காகப் பணம் சேர்க்கிறது என்றால், முதலில் இந்தக் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது?

பேச்சுப் பகுதியிலோ அசைவுப் பகுதியிலோ அதன் ஓரத்திலோ கட்டி உள்ள, சொன்னதைப் புரிந்துகொள்கிற, ஒத்துழைக்கிற பெரியவர்களுக்கு. முதல்முறை வலிப்பு வந்து ஸ்கேனில் கட்டி தெரிந்த இளம் வயதினர் பலர் இந்தக் கூட்டத்தில் வருகிறார்கள்.

ஏற்கெனவே குழப்பத்தில் இருப்பவர், படங்களில் நிறையவற்றைத் தப்பாகச் சொல்லும் அளவுக்குப் பேச்சு கெட்டவர், ஓயாத இருமல் உள்ளவர், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர், மிகவும் பருத்தவர், மூளை வீங்கி அழுத்தம் ஏறியவர், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு ஏற்றதல்ல. பேச்சு கெட்டிருப்பது வீக்கத்தால் என்றால், சில நாள் ஸ்டீராய்டு கொடுத்து மறுபடி சோதித்துப் பார்ப்பதுண்டு.

பயம் இருப்பதால் மட்டும் யாரையும் ஒதுக்க மாட்டேன். பயமில்லாதவர் யார்? கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே பயப்படுகிறவர் நன்றாகச் சமாளிப்பார். பயத்தில் பேச்சே நின்றுவிடுகிறவரிடம் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பேசிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

படிக்கத் தெரியாதவருக்கு முடியுமா? தமிழ் தெரியாத தொழிலாளி என்றால்?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

படம் பார்த்துப் பெயர் சொல்ல எழுத்து தேவையில்லை. ஆனால் எந்தப் படம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொடக்கத்தில் நாங்கள் வெளிநாட்டுப் படத் தொகுப்பு ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதில் பனிமனிதன் படம் வந்தபோது நோயாளி ஒன்றும் பேசாமல் விழித்தார். மூளையில் ஏதோ ஆகிவிட்டதென்று அரங்கமே அமைதியானது. பாவம், அவர் வாழ்நாளில் பனியைப் பார்த்ததில்லை. அன்றோடு அந்தத் தொகுப்பை விட்டுவிட்டோம். இப்போது குடம், முறம், மாடு, சாவி, வாழைப்பழம், செருப்பு, சைக்கிள் என்று எங்கள் நோயாளிகள் தினமும் கையாளும் பொருள்களை நாங்களே படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே பொருளை ஒருவர் துடைப்பம் என்பார், இன்னொருவர் விளக்குமாறு, தெற்கே வாரியல். அதனால் அறுவைக்கு முந்தைய நாள் எல்லாப் படங்களையும் காட்டி, அவர் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதையே எழுதிக்கொள்கிறோம். தடுமாறிய படங்களை நீக்கிவிடுகிறோம். மறுநாள் அரங்கில், அவருடைய சொல்தான் சரியான சொல். "வாளப்பளம்" என்று நேற்று சொன்னவர் இன்றும் "வாளப்பளம்" என்றால் அது சரியான பதில். ஆனால் நேற்று தெளிவாக ழகரம் சொன்னவர் இன்று குழறினால் நான் கையைத் தூக்கிவிடுவேன்.

இரண்டு மொழி பேசுகிறவருக்கு இரண்டிலும் சோதிக்க வேண்டும். மொழிகள் மூளையில் பெரும்பாலும் ஒரே பகுதிகளைப் பகிர்ந்துகொண்டாலும், சில புள்ளிகளில் ஒன்று நின்று மற்றது ஓடுவதை 1978-லேயே ஓஜமன், விட்டேக்கர் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிறவர் நம்மூரில் எத்தனை பேர்! தமிழை மட்டும் காப்பாற்றி, அம்மாவோடு பேசும் மொழியை இழக்கச் செய்வது நியாயமில்லை.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவர் என்றால், அந்த மொழி தெரிந்த ஒரு ஊழியரை முந்தைய நாளே தேடிப் பிடித்துவிடுவோம். வார்டில் விசாரித்தால் யாராவது ஒருவர் இருப்பார். யாருமே கிடைக்காவிட்டால் பேச்சுப் பகுதிக் கட்டிக்கு இந்த முறையைச் செய்யக் கூடாது. கட்டி அசைவுப் பகுதியில் மட்டும் இருந்தால் சைகையாலும் சமாளிக்கலாம்.

தொழிலையும் கேட்டுக்கொள்வோம். தையல்காரருக்கு விரல் நுனி முக்கியம், கணக்கருக்குக் கூட்டல் கழித்தல், ஓட்டுநருக்கு இரண்டு பக்கப் பார்வையும். அதற்கேற்பச் சோதனை மாறும்.

நடுவில் ஃபிட்ஸ் வந்தால்?

வரலாம், மின்கோலே அதைத் தூண்டக்கூடும். 2016-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கூட்டாய்வில் நூறில் சுமார் எட்டுப் பேருக்கு அறுவையின்போது வலிப்பு வந்திருந்தது. வந்தால் மின்கோலை எடுத்துவிட்டு, அந்தக் குளிர்ந்த ரிங்கர் லாக்டேட்டை மூளையின் மேல் ஊற்றுவோம். பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் நரம்பில் மருந்து. மிக எளிய, மிக மலிவான சிகிச்சை இது. ஆனால் பாட்டிலை முன்பே ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை அறுவை நாள் காலையிலும் தவறாமல் போடச் சொல்வது இதற்காகத்தான்.

அதே கூட்டாய்வில், விழித்த முறையைக் கைவிட நேர்ந்தது நூறில் இரண்டு பேர் அளவில்தான்.

பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, முழுக்க ஒரே திசையில் இல்லை.

90 ஆய்வுகளிலிருந்து 8,091 நோயாளிகளைச் சேர்த்து 2012-ல் வந்த கூட்டாய்வு ஒன்றில், மின்கோலால் வரைபடம் பார்த்துச் செய்த அறுவையில் நீடித்த கடுமையான நரம்புப் பாதிப்பு 3.4 சதவீதம், பார்க்காமல் செய்ததில் 8.2 சதவீதம். கட்டியை முழுமையாக எடுத்தது வரைபடம் பார்த்ததில் 75 சதவீதம், பார்க்காததில் 58 சதவீதம். இதில் மயக்கத்திலேயே வரைபடம் பார்த்தவர்களும் அடக்கம் என்பதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் நரம்பு அறுவை மருத்துவர் மிட்செல் பெர்கரின் குழு 2008-ல் வெளியிட்ட 250 நோயாளிகளின் கணக்கில், ஆறு மாதத்துக்குப் பிறகும் அறுவையால் பேச்சுக் குறை நின்றது 1.6 சதவீதம் பேருக்குத்தான்.

மறுபக்கம், டெல்லி எய்ம்ஸிலிருந்து 2007-ல் வந்த 53 பேரின் ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்தது. விழித்த முறையே மேல் என்று அது காட்டவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம் நாட்டிலிருந்து வந்தது. ஒதுக்கிவைக்க எனக்கு மனமில்லை. நோயாளியை விழிக்கவைப்பதால் மட்டும் நன்மை வந்துவிடாது என்று நான் அதைப் படிக்கிறேன். சரியான ஆளைத் தேர்ந்து, நன்றாகத் தயார்செய்து, ஒழுங்காக வரைபடம் பார்த்தால்தான் நன்மை.

அறுவைக்குப் பிறகு பேச்சு வரவில்லையே! தோற்றுப்போய்விட்டதா?

பதற வேண்டாம். அரங்கில் நன்றாகப் பேசியவர் அடுத்த நாள் சொல் தேடித் தடுமாறுவது அடிக்கடி நடப்பது. அறுவை நடந்த இடத்தைச் சுற்றி வீக்கம் ஏறும். பலருக்குச் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரையில் திரும்பும். இதை அறுவைக்கு முன்பே குடும்பத்திடம் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. ஆனால் அரங்கிலிருந்து வந்தபோது பேசியவர் திடீரென்று மந்தமாகி, தூங்கித் தூங்கி விழுந்தால் அது வேறு; உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், சி.டி. எடுக்க வேண்டியிருக்கும்.

அன்றே வீட்டுக்கு அனுப்புகிறார்களாமே?

டொரொன்டோவில் அப்படிச் செய்கிறார்கள். அங்கே நோயாளி ஆஸ்பத்திரிக்கு அருகில் இருப்பார், ஒரு தொலைபேசியில் ஆம்புலன்ஸ் வரும். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய கிராமத்துக்கு நாம் அப்படி அனுப்ப முடியாது. இரண்டு மூன்று நாள் வார்டில் இருந்துவிட்டுப் போகட்டும். ஐ.சி.யூ. இல்லாமல் வார்டிலேயே இருப்பதே பெரிய சேமிப்பு.

செலவு?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மூளைக் கட்டி அறுவைக்கும் அதில் இடம் இருக்கிறது. சேர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஸ்கேன், தங்குமிடம், கூட இருப்பவரின் கூலி இழப்பு இவற்றையும் கணக்கில் வையுங்கள். பல குடும்பங்களை முடக்குவது அவைதான்.

மொட்டை அடிப்பார்களா?

பெரும்பாலும் வேண்டாம். வெட்டும் கோட்டை ஒட்டிக் கொஞ்சம் மட்டும் மழித்தால் போதும். கேட்டுப் பெறலாம்.

கட்டியை எடுத்துவிட்டால் முடிந்ததா?

முடியவில்லை. எடுத்த திசுவைச் சோதித்து வரும் முடிவுதான் அடுத்ததைத் தீர்மானிக்கிறது. கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான வகைக்குக் கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும் சேர்ந்து தர வேண்டும் என்பது 2005 முதல் நடைமுறை. அப்படிக் கொடுத்தாலும் அந்த நோய் கொடியது. அந்த நடைமுறைக்கு அடிப்படையான ஆய்வில், இரண்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் வாழ்ந்தது ஏறக்குறைய 14.6 மாதத்துக்கு மேல், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதத்துக்கு மேல். இருக்கும் நாளில் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிய வேண்டும், தன் கையால் சாப்பிட முடிய வேண்டும். நான் இந்த அறுவைக்காக இவ்வளவு வாதாடுவது அதற்காகத்தான். மெல்ல வளரும் வகையென்றால் பல வருடங்கள் இருக்கின்றன. அங்கே பேச்சைக் காப்பது பிழைப்பையே காப்பது.

கதிர்வீச்சுக்குக் காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும் ஊர்களில், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அங்கேயும் பதிந்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்?

தயங்காமல் கேளுங்கள். இங்கே இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? மின்கோல் வரைபடம் பார்ப்பீர்களா? அரங்கில் அவரோடு பேசப் போவது யார்? அவரை முன்கூட்டிப் பார்க்கலாமா? நடுவில் முடியாவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற ஏற்பாடு என்ன? நல்ல குழு இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

நாங்கள் வீட்டில் எப்படித் தயார்செய்வது?

வலிப்பு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். அவர் வழக்கமாக மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் எடுத்துவாருங்கள்; கண்ணாடி இல்லாமல் படம் தெரியாமல் தவித்தவர்கள் உண்டு. காதுக் கருவியும் அப்படியே. பிடித்த பாட்டு, பேரக்குழந்தைகளின் பெயர், ஊர்த் திருவிழா, ஆடுமாடு பற்றிய விவரம் ஆகியவற்றை எங்களிடம் சொல்லுங்கள். சோதனைக்கு நடுவே களைத்துப்போகும்போது எதைப் பேசினால் அவர் முகம் மலரும் என்று உங்களுக்குத்தான் தெரியும். முந்தைய நாள் மாலை படம் பார்க்கும் சோதனைக்கு நீங்களும் கூட உட்காருங்கள். அவர் ஏதாவது ஒன்றை வீட்டில் வேறு பேரில் சொல்வார் என்றால், அதை எழுதிக்கொள்ள நான் பேனாவோடு காத்திருப்பேன்.